இறையிலி உடல்: தொழுநோயும் ‘எதிர்ப்பு சக்தி’ என்னும் சொல்லாடலும்

‘இம்யூனிட்டி’ என்பதை நாம் ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நோய்த்தடைகாப்பு’ என்றொரு சொல் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் மாணவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இலங்கைத் தமிழில் ‘நிர்ப்பீடனம்’ என்கிறார்கள். பீடனம் என்றால் துன்பம், வருத்தம். அது இல்லாத நிலை நிர்ப்பீடனம். வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். மூலச் சொல்லுக்கு இந்த மூன்றில் இதுதான் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. ஏனென்றால் மூலச் சொல்லில் எதிர்ப்பும் கிடையாது, சக்தியும் கிடையாது.

ரோமானியச் சட்டத்தில் ‘மூனுஸ்’ என்பது ஒருவன் தன் ஊருக்குச் செய்தாக வேண்டிய கடமை. வரி, பொதுவேலை, காணிக்கை எல்லாம் அதில் அடக்கம். அந்தக் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவன் ‘இம்யூனிஸ்’. அந்த விலக்கு ‘இம்யூனிட்டாஸ்’. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த இடத்தில் சோழர் கல்வெட்டுகள் ஞாபகத்துக்கு வராமல் போகாது. தேவதானமாகவும் பிரமதேயமாகவும் பள்ளிச்சந்தமாகவும் விடப்பட்ட நிலங்களை ‘இறையிலி’ என்று கல்லில் வெட்டினார்கள். இறை என்றால் வரி. (கடவுளையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம் என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம்.) ‘இம்யூனிட்டி’க்கு நேரான பழந்தமிழ்ச் சொல் ஒன்று வேண்டுமென்றால் அது இறையிலிதான். மருத்துவத்துக்குள் இந்தச் சொல் நுழைந்தபோதும் முதலில் விலக்கு என்ற பொருளில்தான் நுழைந்தது. அம்மை ஒருமுறை கண்டு பிழைத்தவன் அடுத்தமுறை அம்மைக்கு வரி கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

போர் பின்னால் வந்தது. 1882இல் இத்தாலியில் மெஸ்ஸினா கடற்கரை ஊரில் இருந்த ரஷ்ய உயிரியலாளர் மெட்ச்னிகாஃப், கண்ணாடி போல உட்புறம் தெரியும் நட்சத்திர மீனின் இளம் புழுவுக்குள் முள் ஒன்றைக் குத்திவைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் மொய்த்திருந்தன. அவை அந்நியப் பொருளை விழுங்கப் பார்க்கின்றன என்று அவர் வாசித்தார். உடல் என்பது விலக்குப் பெற்ற நிலம் என்ற நிலை போய், உடல் என்பது காவல்படை வைத்திருக்கும் கோட்டை என்றாகிவிட்டது. நாம் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது விலக்கு மறைந்து போர் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே ‘எதிர்ப்பு’. கூடவே நம் பங்குக்கு ‘சக்தி’யையும் சேர்த்துக்கொண்டோம். சக்தி என்று சொல்லிவிட்டால் அது அளவுக்குரிய ஒன்றாகிவிடுகிறது. கூட இருக்கலாம், குறைய இருக்கலாம், குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாம். 2020இல் கபசுரக் குடிநீரிலிருந்து பிஸ்கட் வரைக்கும் இந்தச் சக்தியை ஏற்றித் தருவதாகச் சொல்லித்தான் நம்மிடம் நீட்டினார்கள்.

இந்தச் சொல் எங்கே உடைகிறது என்று பார்க்கத் தொழுநோயைவிட நல்ல இடம் இல்லை. நான் மருத்துவன் அல்ல. ஆனால் இது நம் ஊர் நோய். வட ஆர்க்காடும் செங்கல்பட்டும் இந்நோய் மிகுந்திருந்த மாவட்டங்கள். இதன் சிகிச்சை வரலாற்றில் வேலூரும் காரிகிரியும் திருமணியும் உலகம் அறிந்த பெயர்கள். இருந்தும் இந்த நோயைப் பற்றி நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு சினிமாவும் கொஞ்சம் கருணையும்தான்.

கிருமியிலிருந்து தொடங்குகிறேன். 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் இதைக் கண்டார். மனிதருக்கு நோய் தரும் கிருமி இது என்று சுட்டப்பட்ட முதல் பாக்டீரியாக்களில் ஒன்று. சுட்டிவிட்டாரே தவிர நிரூபிக்க முடியவில்லை. ஆய்வுக்கூடக் குப்பியில் இது வளரவே வளராது, இன்றுவரை வளரவில்லை. அவருடைய மாமனாரும் மூத்த மருத்துவருமான டேனியல்சன் நோயாளிகளிடமிருந்து எடுத்ததைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஹான்சன் தன் உடம்போடு நிற்கவில்லை. 1879இல் மருத்துவமனையிலிருந்த ஒரு பெண்ணின் கண்ணில், அவளிடம் கேட்காமலேயே, வேறொரு நோயாளியின் திசுவைக் குத்தி ஏற்றினார். வழக்காகி, 1880இல் அந்த மருத்துவமனை வேலை பறிபோனது. நாடு முழுவதற்குமான தொழுநோய் அதிகாரி பதவி மட்டும் அப்படியே இருந்தது. அறிவியலின் தந்தையர்களைப் பற்றிப் பாடநூலில் படிக்கும்போது இந்த மாதிரிப் பெண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஏன் ஒட்டவில்லை? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமி உள்ளே போனாலும் நோய் வருவதில்லை. கிருமியின் சுபாவமும் அப்படி. காலராக் கிருமி நிமிடக் கணக்கில் இரண்டாகப் பெருகும். இது ஒருமுறை இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே போய் நோயாக வெளிப்படச் சராசரியாக ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷமும் ஆகும். காலராவைப் போலவோ ரணஜன்னியைப் போலவோ விஷம் எதையும் சுரப்பதில்லை. உடம்பு முழுக்கக் கோடிக்கணக்கில் கிருமி நிறைந்திருந்தும் காய்ச்சல்கூட இல்லாமல் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உண்டு. இத்தனை சாதுவான ஒன்று மனித வரலாற்றிலேயே அதிகம் பயப்படப்பட்ட நோயை உண்டாக்குகிறது என்றால், அந்த நோயை உண்டாக்குவது உண்மையில் யார்?

மருத்துவம் தரும் பதில் இது: பெரும்பகுதி, உடல்தான். தொழுநோய் ஒரே நோயாக எல்லோருக்கும் வருவதில்லை. ஒரு கோடியில், கிருமியை அடையாளம் கண்டு ‘டி’ அணுக்களும் விழுங்கணுக்களும் முழுமூச்சாக வேலை செய்யும் உடல். அங்கே கிருமி கிட்டத்தட்ட இருக்காது. ஒன்றிரண்டு தேமல், ஓரம் தடித்து, நடுவில் தொட்டால் தெரியாமல். ஆனால் பக்கத்து நரம்பு தடித்து, சீக்கிரமே கெட்டுப்போயிருக்கும். மறுகோடியில், இந்தக் கிருமியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கும் உடல். அங்கே காது மடல் தடிக்கும், புருவம் உதிரும், மூக்கின் தண்டு அமுங்கும். தோலைச் சுரண்டி எடுத்தால் கிருமிகள் கட்டுக் கட்டாகத் தெரியும். நரம்புகள் மெதுவாக, ஆனால் உடம்பு முழுக்க, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரத்துக்கொண்டு வரும். இந்த இரண்டு கோடிக்கும் நடுவில்தான் பெரும்பாலான நோயாளிகள் நிற்கிறார்கள், நிற்பதுகூட இல்லை, இப்படியும் அப்படியுமாக நகர்கிறார்கள். 1966இல் ரிட்லியும் ஜாப்லிங்கும் இதை ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். கிருமியைக் கொண்டு வகுக்கவில்லை, உடல் தரும் பதிலைக் கொண்டு வகுத்தார்கள்.

இதில் ‘சக்தி’ என்ற அளவுகோலை வைத்துப் பாருங்கள். மறுகோடி நோயாளிக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அவருக்குச் சளியோ அம்மையோ வந்தால் மற்றவர்களைப் போலத்தான் சமாளிக்கிறார். இந்த ஒரு கிருமியிடம் மட்டும்தான் அவர் உடல் மௌனமாக இருக்கிறது. அதுவும் முழு மௌனம் இல்லை. ஆன்டிபாடி ஏராளமாக ஓடுகிறது, முதல் கோடி நோயாளியைவிட எவ்வளவோ அதிகமாக. கிருமி அணுக்களுக்கு உள்ளே குடியிருப்பதால் வெளியே ஓடுகிற ஆன்டிபாடியால் பிரயோஜனம் இல்லை. அப்படியென்றால் யாருக்கு சக்தி அதிகம்? கேள்வியே தப்பு. அளவில் வித்தியாசம் இல்லை, இலக்கணத்தில் வித்தியாசம்.

இந்த இலக்கணத்தைத் தோலின் மேல் முதலில் வாசித்தவர் ஜப்பானியர் மிட்சுதா. நோயாளியின் முடிச்சுகளைக் கொதிக்கவைத்து அரைத்துக் கொஞ்சம் தோலுக்குள் ஏற்றி, மூன்று நான்கு வாரம் கழித்துப் பார்ப்பது அவர் முறை. முதல் கோடி நோயாளிக்கு அந்த இடம் தடித்து முடிச்சாகும். மறுகோடி நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவு நுட்பமாக உடலின் பதிலை வாசிக்கத் தெரிந்த அதே மிட்சுதாதான் தொழுநோயாளிகள் எல்லோரையும் ஆயுள் முழுக்க அடைத்துவைக்க வேண்டும் என்று வாதாடினார்; 1915இல் டோக்கியோ மருத்துவமனையில் ஆண் நோயாளிகளுக்குக் கருத்தடை அறுவையைத் தொடங்கி வைத்தார். ஜப்பானின் அடைத்துவைக்கும் சட்டம் 1996 வரை உயிரோடிருந்தது. 2001இல் குமாமோட்டோ நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. பெரும்பாலோருக்கு நோய் ஒட்டாது என்பதை உலகத்திலேயே நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்களில் ஒருவர் அவர். அறிவு வேறு வழியில் போயிற்று, அதிகாரம் வேறு வழியில் போயிற்று என்று எழுதினால் வசதியாக இருக்கும். இரண்டும் ஒரே கையால்தான் நடந்தன.

நரம்புக்கு வருகிறேன். விரல்கள் அழுகி உதிர்வதாகத்தான் நாம் எல்லோரும் நம்பினோம். 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அழுகுவது நோயால் அல்ல என்றார். வலி தெரியாத கை. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குகிறது, துருப்பிடித்த பூட்டைத் தோல் கிழியும்வரை திருகுகிறது. ராத்திரியில் விரல் காணாமல் போகிறது என்ற புகாரைத் துருவிப் பார்த்ததில் எலி கடித்துக்கொண்டு போனது தெரியவந்தது. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். மடங்கிப்போன விரலை நிமிர்த்த, வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து முடங்கிய இடத்தில் பொருத்தும் அறுவையை அவர் அங்கேதான் வளர்த்தெடுத்தார்.

அப்படியானால் நரம்பைக் கெடுப்பது யார்? கிருமி நரம்பின் உறையணுக்களுக்குள் புகுந்து தங்குகிறது, அது உண்மை. ஆனால் அங்கே அதைத் தேடிவரும் நம்முடைய அணுக்கள்தான் நரம்பை நெரிக்கின்றன. நரம்பின் உறை இறுக்கமானது, உள்ளே வீங்க இடம் இல்லை. 2017இல் வரிமீன் குஞ்சுகளில் செய்த ஓர் ஆய்வு, கிருமியை விழுங்கிய விழுங்கணுக்களே தாம் சுரக்கும் பொருளால் நரம்பின் மேலுறையைச் சிதைப்பதைக் காட்டியது. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டை இடித்துவிட்டுப் போன கதைதான்.

இதன் உச்சம்தான் மருத்துவர்கள் ‘ரியாக்‌ஷன்’ என்று சொல்லும் நிலை. என் கட்டுரையின் காரணமே அதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தறி ஓட்டுகிற ஒருவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். முதுகிலும் முழங்கைக்கு மேலும் தேமல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டுபிடித்து அட்டை மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் மாத்திரை அட்டை நடக்கும்போது, அதுவரை சும்மா கிடந்த தேமல்கள் சிவந்து வீங்கி எழுந்தன. முழங்கையின் உள்பக்கம் தொட முடியாத வலி. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்க ஆரம்பித்தன. அறுந்த இழையை எடுத்து முடி போட வரவில்லை, தறியில் அது இல்லாமல் ஒன்றும் இல்லை. அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏண்ணே என்று கேட்டதற்கு, ‘மாத்திரைக்கு முந்தி நல்லாத்தானே தம்பி இருந்தேன். இதுதான் உள்ள கெடந்ததக் கெளப்பி விட்டுருச்சு’ என்றார். அவர் போய்க் காட்டிய ஓர் இடத்தில், ‘மருந்து வேலை செய்யுது, அப்படித்தான் இருக்கும், போ’ என்று ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. மருந்து கிருமியைக் கொல்கிறது. உடலின் பதில் தருகிற முறை மாறுகிறது, அல்லது கொன்ற கிருமிகளின் உடைந்த துணுக்குகளைப் பார்த்துப் புதிதாக விழித்துக்கொள்கிறது. தேமலில் விழித்தால் வீக்கம், நரம்பில் விழித்தால் ஊனம். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் மீள வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு வாய்ப்பு சரசரவென்று குறைகிறது. சிகிச்சை என்ன தெரியுமா? பிரெட்னிசோலோன், ஸ்டீராய்டு. பொதுவாக நாளைக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, மாதக் கணக்கில். அதாவது ஒரு தொற்றுநோய் உள்ளவருக்கு, நம் மொழியில் சொன்னால், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து. கிருமிக்கான மாத்திரையும் நிற்கக் கூடாது, இதுவும் கூடவே நடக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள், தொடங்கியதைச் சடாரென்று நிறுத்தவும் கூடாது.

வேறொரு மருத்துவமனையில் இதைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் விளக்கம் சொல்வதற்குள் அங்கிருந்த இளம் மருத்துவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ‘உங்க எதிர்ப்பு சக்தியக் கொஞ்சம் அடக்கணும்’ என்றார். ‘எதுத்து நிக்கறதப் போயி எதுக்குங்க அடக்கணும்?’ என்று இவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. போர் என்ற சொல்லாடலுக்குள் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. சொந்தப் படையை அடக்குவது துரோகம் அல்லவா? கடைசியில் அந்த மருத்துவர் போரை விட்டுவிட்டுத் தறிக்கே வந்தார்: பாவு ரொம்ப இறுகினா இழை அறும் இல்லையா, கொஞ்சம் தளர்த்தி விடறோம். அது இவருக்குப் போதுமாக இருந்தது. 20 வாரம் சாப்பிட்டார். மோதிர விரல் நிமிர்ந்தது, சுண்டு விரல் முக்கால்வாசி.

இதே குழப்பத்தை 2020இல் உலகமே ஒருமுறை கடந்து வந்தது. கோவிட்டில் பலர் செத்தது கிருமியின் முதல் வாரத்தில் அல்ல, உடலின் பதில் நுரையீரலை நிரப்பிய இரண்டாம் வாரத்தில். பிரிட்டனில் நடந்த ‘ரெக்கவரி’ ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு என்று அந்த ஜூனில் சொன்னது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இரண்டாவது வாக்கியத்தை நம் ஊரில் நிறையப் பேர் படிக்கவில்லை. 2021இல் கரும்பூஞ்சை வந்தபோது, சர்க்கரை நோயோடு கண்டபடி கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் காரணமாக எண்ணப்பட்டது. எப்போது, எவ்வளவு, யாருக்கு என்பதுதான் மருத்துவம். மருந்தின் பெயர் அல்ல.

தொழுநோயில் இன்னொரு வகை ரியாக்‌ஷனும் உண்டு. கிருமி மிகுந்த கோடியில் இருப்பவர்களுக்கு வருவது. காய்ச்சல், உடம்பெங்கும் வலிக்கும் சிவந்த முடிச்சுகள், கண்ணிலும் மூட்டிலும் விரையிலும் அழற்சி. வருஷக்கணக்கில் வந்து வந்து போகும். இதற்குப் பயன்படும் மருந்தின் கதை விசித்திரமானது. 1964இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற மருத்துவர், வலியில் தூங்க முடியாத நோயாளிக்குக் கையிலிருந்த பழைய தூக்க மாத்திரையைக் கொடுத்தார். ஓரிரு நாளில் முடிச்சுகள் அடங்கின. அது தாலிடோமைடு. கருவுற்ற பெண்கள் சாப்பிட்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்து, 1961இன் இறுதியிலிருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட அதே மருந்து. உடலின் பதிலைத் தூண்டும் ஒரு சுரப்பை அது குறைக்கிறது என்பது 1991இல்தான் தெரிந்தது. 1998இல் அமெரிக்கா இந்த ஒரு நோய்க்காக அதற்குத் திரும்ப அனுமதி தந்தது. கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடுகளோடுதான் இன்றும்.

எச்.ஐ.வி.யோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘டி’ அணுக்களை அழிக்கும் வைரஸ் வந்தால் தொழுநோய் பெருகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெருகவில்லை. வைரஸுக்கு மருந்து கொடுத்து ‘டி’ அணுக்கள் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் சிலருக்குத் தேமல் வெடித்துக்கொண்டு கிளம்பியது. 2003இல் முதன்முதலாகப் பதிவானது. சக்தி குறைந்தபோது தெரியாத நோய், சக்தி திரும்பியபோது தெரிந்தது.

கோட்பாட்டு நண்பர்கள் இந்த இடத்தில் தெரிதாவை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். தன்னைக் காக்கப் போய்த் தன்னையே அழிக்கும் ‘தன்னெதிர்ப்பு’ என்பதைத் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அவர் ஜனநாயகத்துக்கும் மதத்துக்கும் பொருத்திப் பேசினார். 2002இல் எஸ்பொசிட்டோ ‘இம்யூனிட்டாஸ்’ என்றே புத்தகம் எழுதி, மூனுஸைப் பகிர்பவர்கள் சமூகம், அதிலிருந்து விலகுபவர்கள் இம்யூன் என்று அழகாகக் கட்டினார். எனக்கு எஸ்பொசிட்டோவிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தெரிதாவின் உருவகத்தில் மட்டும் ஒரு தகராறு. தொழுநோயில் நடப்பது தன்னெதிர்ப்பு அல்ல. முடக்குவாதத்திலோ லூபஸிலோ உடல் தன்னைத்தானே குறிவைக்கிறது. இங்கே குறி சரியாகத்தான் இருக்கிறது, கிருமி அந்நியம்தான். இடம்தான் தப்பு, நிறுத்தத் தெரியாததுதான் தப்பு. இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டால், எல்லா வன்முறையும் தற்கொலை மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்.

1901 வாக்கில் எர்லிக், உடல் தன்னைத் தாக்க அஞ்சும் என்று எழுதினார். பின்னால் பர்னெட் அதைத் தான் - தானல்லாதது என்ற இருமையாக்கினார். அமைப்பியல்வாதிகளுக்குப் பிடித்த வடிவம். உயிரியல் அதற்குள் நிற்கவில்லை. தன்னைத் தாக்கக்கூடிய அணுக்கள் எல்லோர் உடம்பிலும் சாதாரணமாகச் சுற்றுகின்றன. அவற்றை அமர்த்துவதற்கென்றே வேறு ‘டி’ அணுக்கள் இருக்கின்றன. 1995இல் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார். 2001இல் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் இதற்கான மரபணுவைக் கண்டார்கள். மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு. எதிர்க்காமல் இருப்பது என்பதும் உடல் செய்யும் வேலை, சும்மா இருத்தல் அல்ல என்பது இந்தப் பரிசின் பொருள். ‘எதிர்ப்பு சக்தி’ என்ற நம் சொல்லில் இந்த வேலைக்கு இடமே இல்லை.

ஃபூக்கோவையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 1961இல் வந்த பைத்தியத்தின் வரலாற்றை அவர் தொழுநோய் மேற்குலகை விட்டு மறைந்தது என்பதிலிருந்து தொடங்குகிறார். காலியான தொழுநோய் இல்லங்களில் பிறகு பைத்தியங்களை அடைத்தார்கள். அழகான தொடக்கம். ஆனால் ஹான்சனின் பெர்கனில் செயின்ட் யோர்கன் இல்லத்தின் கடைசி இரண்டு நோயாளிகள் செத்தது 1946இல். 1856இலேயே நார்வே தன் தொழுநோயாளிகள் எல்லோரையும் பெயர் பெயராகப் பதியும் தேசியப் பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. வெளியே தள்ளுவது தொழுநோயின் முறை, பிரித்துக் கண்காணிப்பது கொள்ளைநோயின் முறை என்று பின்னால் அவர் வகுத்ததும் இங்கே குழம்பிப்போகிறது. இரண்டையும் ஒரே ஆள் மேல் செய்ய முடிந்திருக்கிறது.

நம் கதையாடல் ‘ரத்தக்கண்ணீர்’. 1954 படம், எம்.ஆர். ராதாவின் நடிப்பை இன்றும் ரசித்துத்தான் பார்க்கிறேன், பகுத்தறிவு வசனங்களுக்காக அதை மேடையிலும் திரையிலும் கொண்டாடியவர்கள் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. இருந்தும் அந்தப் படத்தில் நோய் வருவது தாசி வீட்டுக்குப் போனதால்தான். பாவத்தையும் கர்மாவையும் அவ்வளவு கிண்டல் செய்த பிரதி, நோயைத் தண்டனையாக வைப்பதில் மட்டும் புராணத்தோடு சமாதானமாகிவிடுகிறது. தொழுநோய் அப்படிப் பரவுவதில்லை. சிகிச்சை பெறாத நோயாளியின் மூச்சிலிருந்து, நீண்ட நாள் நெருக்கத்தில் பரவுகிறது என்பதே இன்றைய புரிதல். அங்கம் குறைந்து அழுகும் தொழுநோயரானாலும் சிவனுக்கு அன்பர் என்றால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்று பாடிய அப்பர், குறைந்தபட்சம் அவரைப் பாடத்துக்கு உதாரணமாக நிறுத்தவில்லை.

தறிக்காரர் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். மருந்து முடிந்து இரண்டு மாதத்தில் ஊரில் மாரியம்மனுக்குத் திருவிழா. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்கினார்கள். அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். ‘உனக்கெதுக்குப்பா, உடம்பு முடியாதவன், இருக்கட்டும்’ என்றார்களாம். காசு மிச்சம் என்று யாரும் நினைக்கக்கூடும். நம் ஊர்களில் தலைக்கட்டு வரி கொடுப்பவன்தான் ஊர்க்காரன். வரி இல்லையென்றால் பிரசாதத்தில் பங்கில்லை, கூட்டத்தில் பேச்சில்லை. எஸ்பொசிட்டோ புத்தகம் முழுக்கச் சொன்னதை எங்கள் ஊர் ஒரு வரியில் செய்துவிட்டது. அவரை இறையிலி ஆக்கிவிட்டது.

அரசாங்கத்தின் பதிவேட்டிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. கூட்டு மருந்தை முடித்தவர் பெயருக்கு நேராக ‘சிகிச்சையிலிருந்து விடுவிப்பு’ என்று எழுதுகிறார்கள். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்ற அந்தக் கூட்டு மருந்து மகத்தானது, அதில் இரண்டு கருத்து இல்லை. நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகக் குத்திக்கொண்டிருந்த காலத்தையும், ஆயுள் முழுக்க டாப்சோன் விழுங்கிய காலத்தையும் அது முடித்துவைத்தது. முதல் சில தவணைகளிலேயே மற்றவருக்குப் பரவும் அபாயம் போய்விடுகிறது. ஆனால் பதிவேட்டில் நோயாளி என்றால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர். கிருமி மிகுந்தவர்களுக்கான சிகிச்சை 24 மாதமாக இருந்தது தொண்ணூறுகளின் இறுதியில் 12 மாதமானது. அந்தக் குழுவில் அன்றைக்கு மாத்திரை சாப்பிடுவோர் எண்ணிக்கை, நோய் குறையாமலேயே, பாதியாகும். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற இலக்கை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியதாக அறிவித்தது. வீடு வீடாகப் போன தனிப் பணியாளர்கள் பொதுச் சுகாதாரப் பணிகளுக்குள் கரைக்கப்பட்டார்கள். உலகில் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல் இன்றும் இந்தியாவில்தான்.

ரியாக்‌ஷன், ‘விடுவிப்பு’க்குப் பிறகு மாதங்கள் கழித்தும் வருஷங்கள் கழித்தும் வரலாம். அப்போது அவர் பதிவேட்டில் இல்லை. முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம், பேனா முனையால் தேமலைத் தொட்டு ‘எங்க தொட்டேன், விரல் வைச்சுக் காட்டு’ என்று கேட்கும் பழக்கம், மூத்த பணியாளர்கள் ஓய்வு பெறப் பெறக் குறைந்துகொண்டு வருகிறது. 1898ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. 2019இல் விவாகரத்துக்கான காரணங்களிலிருந்தும் தொழுநோய் எடுக்கப்பட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ‘தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்’ என்று ஒரு வகையை வைத்திருக்கிறது. உதவித்தொகைக்கு அந்த வகை தேவைப்படுகிறது. தறிக்காரர் அந்தச் சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. சுண்டு விரல் மடங்கியதற்குத் தறியில் அடிபட்டது என்று வெளியூரில் சொல்லிக்கொள்கிறார்.